பத்தொன்பதாம் எண்

இலையுதிர்காலத்துக்கு ஒருமுறை
பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.
அளவுநாடா, வெள்ளைப் பெயின்ட், ஸ்க்ரூடிரைவர்,
ஃபிளாஸ்க் நிறையக் காபி.
எங்கள் மாவட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை
மொத்தம் இருபத்துமூன்று.
இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை.
எஸ்தோனியாவின் தெற்கு மூலையில்
ஓர் அரசாங்கம் சம்பளம் கொடுத்து
போன வருடம் இருந்த கல்
அதே இடத்தில்தான் இருக்கிறதா
பார்த்துவா என்று அனுப்புகிறது.
சிரிக்கலாம்.
நானும் சிரித்திருக்கிறேன்.

ஏழாம் எண், பாறை.
பனியாறு வடக்கிலிருந்து இழுத்துவந்து
அலுத்துப்போய்
ஊர்மோவின் கோதுமை வயலுக்கு நட்டநடுவே
போட்டுவிட்டுப் போனது.
அதைச் சுற்றிச் சுற்றி உழுது
வயலுக்குச் சுழி விழுந்துவிட்டது,
பிள்ளையின் உச்சந்தலைபோல.
வெடிவைக்க அனுமதி கேட்டு நான்கு மனு போட்டவன் அவன்.
நான்கையும் மறுத்துக் கையெழுத்திட்டவள் நான்.
இம்முறை கேட்டான்:
"உங்கள் பலகை சாய்ந்து கிடக்கிறதே, நிமிர்த்த மாட்டீர்களா?"
கம்பத்தின் அடியில்
டிராக்டர் இடித்த சிவப்புச் சாயம்.
இருவரும் பார்த்தோம்.
இருவரும் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் எண், ஊற்று.
இருந்தது. குடித்தேன்.

பதினான்காம் எண், சதுப்பு.
எந்த நாடாவுக்கும் அடங்காது.
வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்கிறதாம் பாசி.
என் பதினெட்டு வருட உத்தியோகம்
அங்கே கட்டைவிரல் அகலம்கூடத் தேறாது.
மரப்பாதையில் ஒருவன்
கிரான்பெர்ரி பறித்துக்கொண்டிருந்தான்.
பறிக்கத் தடையில்லை.
இருந்தும் என் சீருடையைக் கண்டதும்
வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.
நான் வானத்தைப் பார்த்தபடி கடந்தேன்.
கொக்குகள் போய்விட்டிருந்தன.
எல்லைக் கம்பத்தில்
நான் அடித்திருந்த வெள்ளையின்மேல்
ஒரு மூஸ் மான் விலா தேய்த்துவிட்டுப் போயிருந்தது,
நான்கைந்து பழுப்பு மயிர் ஒட்டியிருந்தன.
காட்டுக்குள் நின்று தேய்த்ததா, வெளியே நின்றா?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பத்தொன்பதாம் எண், ஓக் மரம்.
சுற்றளவு ஆறு மீட்டர் நாற்பத்திரண்டு,
போன வருடம்.
ஆகஸ்ட் புயலில் விழுந்துவிட்டது என்று
கடிதம் எழுதியிருந்தாள் லெய்தா.
அவள்தான் எங்கள் பக்கத்துத் தபால்காரி.
தானே எழுதி
தானே முத்திரை குத்தி
தானே கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

முன்பும் எழுதியவள்தான்:
'சமையலறையில் நண்பகலிலும் விளக்கு எரிகிறது,
ஒரே ஒரு கிளை, கிழக்குக் கிளை மட்டும் வெட்ட அனுமதியுங்கள்.'
சட்டப் பிரிவைக் காட்டிப் பதில் போட்டேன்.
அந்தப் பதிலையும்
அவளேதான் சைக்கிளில் சுமந்துபோயிருப்பாள்.

இன்று உள்ளே வரச் சொன்னாள்.
மேசையில், அடுப்பில், ரொட்டித் துணியில்
கொட்டிக்கிடந்தது வெயில்.
சுவரின் எண்ணெய்ப் பிசுக்கு
கோப்பையின் விரிசல்
நாற்காலியின் சொட்டை
எல்லாம் அம்பலம்.
"திரைச்சீலை வாங்கவேண்டும்" என்றாள்.
"உங்கள் துறை பணம் தருமா?"
கேலியா என்று முகத்தில் தேடினேன்.
கிடைக்கவில்லை.

அந்த மேசையிலேயே படிவத்தை விரித்தேன்.
பட்டியலிலிருந்து நீக்கக் காரணம்: புயல்.
அதற்குமேல் ஓடவில்லை.
வெள்ளைத் தாள் கண்ணைக் கூசியது.
லெய்தா எழுந்துபோய்
ஜன்னலருகே நின்றாள், சும்மா,
தாளின்மேல் அவள் நிழல் விழும்படி.
எழுதி முடித்தேன்.

"இனி அறுக்கலாமா?"
"அறுக்கலாம்."
"சரி" என்றாள்.
ரம்பம் எதுவும் கண்ணில் படவில்லை.

கிடந்த மரத்தில் தகரப் பலகையைத் திருகினேன்.
ஆணி சுழன்றது, வரவில்லை.
இத்தனை வருடத்தில் பட்டை வளர்ந்து
விளிம்பைக் கவ்வி
'பாதுகாக்கப்பட்டது' என்பதில் பாதியை
விழுங்கியிருந்தது.
நெம்பினேன்.
எண் மட்டும் பிய்ந்து கையோடு வந்தது.

பின்னிருக்கையில் அது
ஒவ்வொரு பள்ளத்துக்கும் கடகடத்தது.
இருபதாம் எண்ணுக்கு
இன்னும் பதினொரு கிலோமீட்டர்.
அது ஒரு குகை.
இருட்டுமுன் போகவேண்டும்.